இடைக்கால அனுமதிக்கு எத்தனை ஆண்டு ஆயுள்?

2016 ஜூலை 18 அன்று பிரிட்டனின் காமன்ஸ் சபையில் கடற்படையின் எதிர்காலக் கப்பல்களைப் பற்றி விவாதம் நடந்தது. அணு ஆயுத ஏவுகணைகளைச் சுமக்கும் நான்கு பழைய நீர்மூழ்கிகளுக்குப் பதிலாக நான்கு புதிய நீர்மூழ்கிகளைக் கட்டலாமா என்பதே கேள்வி. தெரசா மே பிரதமராகி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. உறுப்பினர்கள் செலவைப் பேசினார்கள், ரஷ்யாவைப் பேசினார்கள், பாரோ நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தை நம்பியிருக்கும் குடும்பங்களைப் பேசினார்கள். இடையில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் ஜார்ஜ் கெரவன் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். ஒரு லட்சம் அப்பாவி ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக்கூடிய அணுகுண்டுத் தாக்குதலுக்கு உத்தரவிடப் பிரதமர் தயாரா?

ஆம் என்றார் தெரசா மே. தயாராக இருக்கிறோம் என்று எதிரிக்குத் தெரிந்தால்தான் இந்த ஆயுதத்துக்கே பொருள் உண்டு என்றும் விளக்கினார். அன்றிரவு வாக்கெடுப்பில் 472 பேர் ஆதரித்தார்கள், 117 பேர் எதிர்த்தார்கள். ஸ்காட்லாந்தின் 59 உறுப்பினர்களில் 58 பேர் எதிர்ப்பு. அந்த நீர்மூழ்கிகள் நங்கூரமிடும் ஃபாஸ்லேன் தளம் இருப்பது ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில்.

கடற்படைக்கு எந்தக் கப்பல் வேண்டும் என்ற வாதம் எந்த நாட்டிலும் டன் கணக்கிலும் கோடிக் கணக்கிலும்தான் தொடங்கும். விமானந்தாங்கிக் கப்பலா, நீர்மூழ்கியா? ஆளில்லாப் படகுகளா, பெரிய நாசகாரிக் கப்பல்களா? இவற்றுக்கு நிபுணர்களிடம் பதில் உண்டு. கெரவன் கேட்ட கேள்விக்கு எந்த நிபுணரிடமும் பதில் கிடையாது. ஒருபோதும் செய்யக்கூடாத ஒன்றைச் செய்வேன் என்று வாக்குக் கொடுப்பது தர்மமா? அந்த வாக்கை எஃகில் வார்த்துக் கடலுக்கு அடியில் அனுப்புவது தர்மமா? அறுபது ஆண்டுகளாகத் தத்துவ அறிஞர்களும் மதகுருமார்களும் போர் அமைச்சக அதிகாரிகளும் இதில் முட்டி மோதியிருக்கிறார்கள். பிரிட்டனில் அந்த மோதல் வெளிச்சத்தில் நடந்தது. அதனால் நமக்கு அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் அந்தக் கப்பல். புதிய வரிசைக்கு ட்ரெட்நாட் என்று பெயர். 153.6 மீட்டர் நீளம், 17,200 டன் எடை, ஏவுகணைகளுக்குப் பன்னிரண்டு குழாய்கள். நான்கு கப்பல்களுக்கும் மதிப்பிட்ட செலவு 3,100 கோடி பவுண்டு. கையிருப்பாக மேலும் 1,000 கோடி. 2030-களின் தொடக்கத்தில் முதல் கப்பல் கடலுக்குள் இறங்கும் என்பது திட்டம். அந்தக் குழாய்களில் இருக்கும் டிரைடன்ட் ஏவுகணை 7,000 கிலோமீட்டருக்கு மேல் பாயும். அதன் முனையில் இருக்கும் ஒவ்வொரு அணுகுண்டும் ஹிரோஷிமாவில் விழுந்ததைவிடப் பல மடங்கு வலியது. ஏவிய பிறகு அதைத் திரும்ப அழைக்க வழியில்லை.

1969-லிருந்து இன்றுவரை ஒரு நாள்கூடத் தவறாமல் பிரிட்டனின் அணு ஆயுத நீர்மூழ்கி ஒன்று எங்கோ கடலுக்கு அடியில் மறைந்திருக்கிறது. எங்கே என்பது கரையில் மிகச் சிலருக்கே தெரியும். கப்பலுக்குள் இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்குத் தெரியாது. வீட்டிலிருந்து வாரத்துக்கு ஒரு முறை 120 சொற்களுக்குள் ஒரு செய்தி வரும். பதில் அனுப்ப முடியாது. வீட்டில் மரணம் நேர்ந்தால் உடனே சொல்ல வேண்டுமா, கரை திரும்பிய பிறகு சொல்ல வேண்டுமா என்று ஒவ்வொருவரும் புறப்படும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முன்பு மூன்று மாதமாக இருந்த ரோந்து இப்போது இருநூறு நாளைத் தாண்டுகிறது. பழைய கப்பல்கள் பழுதுபார்ப்பில் சிக்கிக்கொள்வதால், கடலில் இருப்பவர்களை மாற்றிவிட அடுத்த கப்பல் தயாராவதில்லை.

அந்தக் கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெட்டகம். அதற்குள் இன்னொரு பெட்டகம். உள்ளே பிரதமர் கைப்பட எழுதிய கடிதம். பதவியேற்ற சில நாட்களுக்குள் ஒவ்வொரு பிரதமரும் நான்கு கப்பல்களுக்கும் நான்கு கடிதங்கள் எழுத வேண்டும். பிரிட்டனே அழிந்துவிட்டது, உத்தரவிட யாரும் உயிரோடு இல்லை என்று உறுதியான பிறகு கேப்டன் திறந்து பார்க்க வேண்டிய கடிதம் அது. பதிலடி கொடு, கொடுக்காதே, உன் முடிவுக்கே விடுகிறேன், நட்பு நாட்டின் தலைமைக்குக் கீழே போய்ச் சேர். இந்த நான்கில் ஏதோ ஒன்று அதில் இருக்கும் என்பார்கள். பிரதமர் பதவி விலகியதும் அந்தக் கடிதங்களைப் பிரிக்காமலேயே அழித்துவிடுவார்கள். கடைசி உத்தரவு வந்தால், ஆயுதப் பொறுப்பதிகாரி கைத்துப்பாக்கியின் பிடி போலச் செய்த ஒரு விசையை இழுக்க வேண்டும். குண்டு எந்த ஊரில் விழும் என்று அவருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றே ஏற்பாடு.

போரில் ஈடுபடாத மக்களைக் குறிவைத்துக் கொல்லக்கூடாது என்பது கிறிஸ்தவ மரபில் அகஸ்டினிலிருந்து வளர்ந்துவந்த நெறி. 1956-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் கொடுக்க முன்வந்தபோது, எலிசபெத் ஆன்ஸ்கோம் என்ற இளம் தத்துவ ஆசிரியை எழுந்து எதிர்த்தார். ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் உத்தரவிட்ட கையெழுத்து ட்ரூமனுடையது. ஒரு நோக்கத்தை அடைய அப்பாவிகளைக் கொல்வதை வழியாகத் தேர்ந்தெடுத்தால் அது கொலை. போர் சீக்கிரம் முடிந்தது, நிறைய உயிர் பிழைத்தது என்ற கணக்கு அதைக் கொலை இல்லை என்று ஆக்கிவிடாது. அவருடைய வாதம் இவ்வளவுதான். அவர் தோற்றார், ட்ரூமன் பட்டம் பெற்றார். ஆனாலும் அந்த வாதத்தை அதற்குப் பிறகு யாராலும் எளிதாக ஒதுக்க முடியவில்லை.

ஆன்ஸ்கோம் பேசியது நடந்து முடிந்த செயலைப் பற்றி. நீர்மூழ்கியின் சிக்கல் வேறு. அது எதையும் செய்வதில்லை. கரையைவிட்டுப் போகிறது, மறைந்திருக்கிறது, திரும்பி வருகிறது. யாரையும் கொல்லாமல் இருப்பதே அதன் வெற்றி. கொல்லாமல் இருக்க வேண்டுமானால் கொல்லத் தயாராக இருந்தாக வேண்டும். உள்ளுக்குள் மாட்டேன் என்று முடிவுசெய்துகொண்டு வெளியே மிரட்டினால் போதாதா? ஒரு தனிமனிதரால் அப்படி நடிக்க முடியலாம். ஒரு கப்பலால் முடியாது. நூற்று முப்பது பேர், அவர்களின் பயிற்சி, மாதக்கணக்கான ஒத்திகை, சாவி, விசை எல்லாமே உத்தரவு வந்தால் தயங்காமல் நிறைவேற்றுவதற்கென்று அமைந்தவை. பிரதமர் மனதுக்குள் என்ன நினைத்தாலும், அந்த ஆயுதப் பொறுப்பதிகாரி நிஜமாகவே இழுக்கத் தயாராக இருக்க வேண்டும். 1987-ல் ஜான் ஃபின்னிஸ், ஜோசப் பாய்ல், ஜெர்மெய்ன் க்ரிசே என்ற மூன்று கத்தோலிக்கச் சிந்தனையாளர்கள் ஒரு பெரிய நூல் முழுக்க இதை வாதிட்டார்கள். நிபந்தனையோடு கூடிய கொலை எண்ணமும் கொலை எண்ணமே என்பது அவர்கள் முடிவு.

எதிர்த்தரப்பை இங்கே முழுமையாகக் கேட்க வேண்டும். ஏனென்றால் அந்தத் தரப்பின் மிகச் சிறந்த குரல் போர்வெறியருடையது அல்ல. நாள் தவறாமல் ஜெபிக்கும் ஒரு கத்தோலிக்கருடையது. மைக்கேல் குவின்லன் 1988 முதல் 1992 வரை பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகத்தின் நிரந்தரச் செயலர். பிரிட்டனின் அணு ஆயுதக் கொள்கையை வடித்தெடுத்தவர்களில் முதன்மையானவர். ஆயர்களுக்கும் அமைதி இயக்கத்தாருக்கும் பொறுமையாகப் பதில் எழுதிவந்தவர். அவர் வாதம் சுருக்கமாக இதுதான். அணுகுண்டு செய்யும் அறிவை மனிதகுலத்தின் மூளையிலிருந்து இனி அழிக்க முடியாது. இரண்டாம் உலகப் போரில் ஐந்து கோடிப் பேருக்கு மேல் செத்தார்கள். வல்லரசுகளுக்கு இடையே அப்படியொரு போர் அதற்குப் பிறகு நடக்கவில்லை. போரால் ஆதாயம் உண்டு என்று எந்த அரசனும் இனிக் கணக்குப் போட முடியாது. அந்த நிலையைக் காப்பாற்றுவது தர்மம். நகரங்களைக் குறிவைக்க வேண்டியதில்லை. எதிரி அரசின் அதிகார மையங்களைக் குறிவைத்தால் போதும். ஆயுதத்தை ஒருதலையாகக் கைவிட்டு, அதனாலேயே பெரும்போர் மூண்டால், கைவிட்டவரின் கை சுத்தம் என்று சொல்ல முடியுமா?

இந்தக் கடைசிக் கேள்வி எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல. தன் கையை மட்டும் சுத்தமாக வைத்துக்கொள்ளும் அறம், அடுத்தவர் உயிரைப் பொறுப்பேற்கும் அறம் ஆகாது.

ஆனால் குவின்லனின் வாதம் இரண்டு இடங்களில் தடுமாறுகிறது. அதிகார மையங்கள் எங்கே இருக்கின்றன? தலைநகரங்களில். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் திட்டத்தின் அளவுகோலே மாஸ்கோவை அழிக்க முடிகிறதா என்பதுதான். ஓர் அமைச்சகக் கட்டடத்தை மட்டும் அழித்துவிட்டு அடுத்த தெருவை விட்டுவைக்கும் அளவில் டிரைடன்ட் இல்லை.

இரண்டாவது தடுமாற்றம் அந்தப் பெட்டகத்துக்குள் இருக்கும் கடிதத்தில். அதைத் திறக்கும் கணத்தில் மிரட்டல் ஏற்கனவே தோற்றுப்போயிருக்கும். காப்பாற்ற நாடு இருக்காது. தடுக்க வேண்டிய தாக்குதல் நடந்து முடிந்திருக்கும். அப்போது விசையை இழுப்பதால் யார் பிழைப்பார்கள்? ஒருவரும் இல்லை. மிஞ்சியிருக்கும் ஒரே காரணம் பழிவாங்கல். பழிவாங்குவதற்காக ஒரு நகரத்துக் குழந்தைகளைக் கொல்ல எந்த அறநெறியும் இடம் தராது. 1976 முதல் 1979 வரை பிரதமராக இருந்த ஜேம்ஸ் காலகன் இந்தக் கேள்விக்குப் பின்னாளில் மனம் திறந்து பதில் சொன்னார். அவசியமானால் உத்தரவிட்டிருப்பேன், அதற்குப் பிறகு உயிரோடு இருந்திருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன் என்பது அவர் சொன்னதன் சாரம். 1960-களில் பாதுகாப்பு அமைச்சராக இருந்த டெனிஸ் ஹீலி, பிரதமர் இல்லாத நிலையில் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இருந்தவர். அப்படியொரு நிலை வந்திருந்தால் தான் பதிலடிக்கு உத்தரவிட்டிருக்க மாட்டேன் என்று அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். இருவரும் ஒரே கட்சி. இருவரும் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர்கள். மனசாட்சி மட்டும் இருவரையும் வெவ்வேறு இடத்தில் நிறுத்தியது.

திருச்சபைகள் என்ன செய்தன? 1982-ல் இங்கிலாந்துத் திருச்சபை அமைத்த குழு ஒன்று, பிஷப் ஜான் ஆஸ்டின் பேக்கர் தலைமையில், பிரிட்டன் தன் அணு ஆயுதத்தைத் தானாகவே கைவிட வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. 1983 பிப்ரவரியில் திருச்சபையின் பொது மன்றம் அதை நிராகரித்தது. பேராயர் ராபர்ட் ரன்சியும் நிராகரித்தவர்கள் பக்கமே நின்றார். முதலில் அணுகுண்டைப் பயன்படுத்தக்கூடாது என்ற அளவோடு மன்றம் நின்றுகொண்டது. அந்த விவாதத்தைத் தொலைக்காட்சி நேரலையில் நாடே பார்த்தது. மதகுருமார்கள் ஆயுதக் கொள்கையைப் பற்றி வாக்கெடுப்பு நடத்துவதை ஒரு சமூகம் பொறுமையாக உட்கார்ந்து கேட்டது என்பது மதிக்கத்தக்க விஷயம்.

அமெரிக்காவில் இன்னும் கடுமை. சியாட்டில் பேராயர் ரேமண்ட் ஹன்ட்ஹவுசன் தன் மறைமாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருந்த டிரைடன்ட் நீர்மூழ்கித் தளத்தை நாஜி வதைமுகாமோடு ஒப்பிட்டார். 1982-ல் தன் வருமான வரியில் பாதியைக் கட்ட மறுத்தார். அந்தத் தளத்தில் வேலை செய்தவர்களில் பலர் அவருடைய கோயில்களுக்கே ஞாயிறுதோறும் வந்து போகிறவர்கள். அவர்களின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! சம்பளத்துக்கும் மனசாட்சிக்கும் நடுவே நின்ற அந்தக் குடும்பங்களின் வேதனையும் சிறியது அல்ல. 1983 மே மாதம் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 238-க்கு 9 என்ற வாக்கில் ஒரு நீண்ட மடலை வெளியிட்டார்கள். நகரங்களைத் தாக்குவதை முற்றாக மறுத்தார்கள். மிரட்டலுக்காக ஆயுதம் வைத்திருப்பதை மட்டும் நிபந்தனையோடு பொறுத்துக்கொண்டார்கள்.

அந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். 1982 ஜூனில் போப் இரண்டாம் ஜான் பால் ஐக்கிய நாடுகள் சபைக்கு ஒரு செய்தி அனுப்பினார். அணு ஆயுத மிரட்டலை அன்றைய சூழலில் அறநெறிப்படி ஏற்கலாம் என்றார். ஆனால் அதுவே முடிவாக இருக்கக்கூடாது, படிப்படியாக ஆயுதத்தைக் களையும் பாதையில் ஒரு கட்டமாக மட்டும் இருக்க வேண்டும் என்றார். இது ஓர் இடைக்கால அனுமதி. இடைக்காலம் என்பதால்தான் அனுமதி.

அதே 1982-ல், மூன்று மாதங்களுக்கு முன்பு, மார்கரெட் தாட்சரின் அரசு டிரைடன்ட் ஏவுகணையின் இன்றைய வடிவத்தை வாங்க முடிவெடுத்திருந்தது. அந்த முடிவில் பிறந்த வான்கார்டு வரிசை நீர்மூழ்கிகள் 1990-களில் கடலுக்குள் போயின. இருபத்தைந்து ஆண்டு ஓடும் என்று கட்டிய அந்தக் கப்பல்கள் இன்னமும் ஓடுகின்றன. அவற்றின் இடத்துக்கு வரும் ட்ரெட்நாட் கப்பல்கள் 2060-கள் வரை ஓட வேண்டும். புதிய கப்பலுக்கு 2007-ல் நாடாளுமன்றம் முதல் ஒப்புதல் கொடுத்தது. எஃகுத் தகட்டை வெட்டத் தொடங்கியது 2016-ல். அதாவது ஒரு கப்பலை வேண்டும் என்று முடிவெடுப்பவர்களில் பலர் அது ஓய்வுபெறும் நாளில் உயிரோடு இருக்க மாட்டார்கள். வடிவமைக்கும் பொறியாளர், பற்றவைக்கும் தொழிலாளி, பயிற்சி பெறும் மாலுமி என்று மூன்று தலைமுறையின் வாழ்க்கை அதில் கட்டுண்டு கிடக்கிறது. ஒரு கப்பலின் ஆயுள் முடியும் முன்பே அடுத்த கப்பலைத் தொடங்கினால்தான் தளம் பிழைக்கும், திறன் அழியாமல் இருக்கும் என்ற கணக்கு வேறு. முப்பது ஆண்டுக்கு மேல் ஆயுளுள்ள ஒரு பொருளைக் கட்டுவதற்கு இடைக்கால அனுமதி செல்லுமா? ஒரு முறை செல்லலாம். இரண்டாவது தலைமுறைக் கப்பலுக்கும் அதே அனுமதியைக் காட்டினால் அது இடைக்காலம் அல்ல, நிரந்தரம்.

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு பிரிட்டன். ஆயுதக் களைவுக்காக நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவோம் என்று அதன் 6-வது பிரிவில் ஒப்புக்கொண்டிருக்கிறது. குண்டுகளின் எண்ணிக்கையை 180 ஆகக் குறைப்போம் என்று சொல்லிவந்த அதே நாடு, 2021-ல் உச்சவரம்பை 260 ஆக உயர்த்தியது. களைவின் பாதையில் ஒரு கட்டம் என்ற நிபந்தனையை இது பொய்யாக்கிவிட்டது. 2019 நவம்பரில் ஹிரோஷிமாவில் நின்ற போப் பிரான்சிஸ், அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதே அறத்துக்குப் புறம்பு என்றார். முப்பத்தேழு ஆண்டு காத்திருந்து பார்த்த பிறகு அந்த இடைக்கால அனுமதியை ரத்து செய்ததாகவே அதை வாசிக்க முடியும்.

அதே ஆண்டு மே 3 அன்று லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் வேறொரு காட்சி. ஐம்பது ஆண்டு இடைவிடாத நீர்மூழ்கி ரோந்தை முன்னிட்டு அங்கே ஒரு வழிபாடு. ஏறத்தாழ இருநூறு ஆங்கிலிக்கன் குருமார் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டிருந்தார்கள். வெளியே எதிர்ப்பாளர்கள் பிணம் போல வீதியில் படுத்துக் கிடந்தார்கள். உள்ளே மாலுமிகளின் குடும்பங்கள். மாதக்கணக்கில் கணவன் குரலைக் கேட்காத மனைவிக்கும், அப்பாவின் முகம் மறந்துபோன பிள்ளைக்கும் ஒரு தேவாலயம் ஆறுதல் சொல்வதை யாரும் குறை சொல்ல முடியாது. பிரிட்டிஷ் கடற்படையில் பாதிரியாருக்கு மட்டும் பதவிப் படிநிலை கிடையாது. யாரோடு பேசுகிறாரோ அவருக்குச் சமமானவர் அவர். மாலுமியின் மனசாட்சியோடு உட்கார்ந்து பேச அது நல்ல ஏற்பாடு. மனிதரை ஆசீர்வதிப்பது வேறு, ஆயுதத்தை ஆசீர்வதிப்பது வேறு. அந்த இரண்டுக்கும் நடுவே கோடு போடத் திருச்சபை அன்று தவறிவிட்டது.

இன்னொரு கேள்வியையும் கடற்படைக்காரர்களே எழுப்புகிறார்கள். இந்த நான்கு கப்பல்களுக்காக எதையெல்லாம் இழக்கிறோம்? பிரிட்டனிடம் நாசகாரிக் கப்பல்களும் ஃபிரிகேட் கப்பல்களும் சேர்த்து இன்று இருபதுகூட இல்லை. 1982-ல் அர்ஜென்டினா ஃபாக்லாந்து தீவுகளுக்குள் நுழைந்தபோது பிரிட்டனிடம் அணு ஆயுத நீர்மூழ்கிகள் இருந்தன. அவை அர்ஜென்டினாவின் ஆட்சியாளர் ஜெனரல் கால்டியேரியைத் தடுக்கவில்லை. தீவுகளை மீட்டது சாதாரணக் கப்பல்களும் அவற்றில் செத்துப்போன மாலுமிகளும்தான்.

இத்தகைய ஆயுதத்தின் அறத்தைப் பற்றி நம் மரபு ஒன்றும் சொல்லவில்லையா? மகாபாரதத்தின் சௌப்திக பர்வத்தின் பிற்பகுதியில் இதே கேள்விதான். பிரம்மசிரம் என்ற அஸ்திரத்தைத் துரோணர் அர்ஜுனனுக்குக் கற்றுக்கொடுத்தார். மகன் அசுவத்தாமன் பிடிவாதமாகக் கேட்டதால் அவனுக்கும் மனமில்லாமல் கொடுத்தார். எவ்வளவு பெரிய ஆபத்திலும் மனிதர்கள்மீது ஏவாதே என்று எச்சரித்தே கொடுத்தார். தூங்கிக்கொண்டிருந்தவர்களை இரவில் கொன்றுவிட்டு ஓடிய அசுவத்தாமன், பிடிபடும் நிலையில் ஒரு புல்லை எடுத்து அந்த அஸ்திரத்தை ஏவினான். அதைத் தணிக்க அர்ஜுனனும் ஏவினான். இரண்டுக்கும் நடுவே வியாசரும் நாரதரும் வந்து நின்றார்கள். இந்த அஸ்திரத்தை இன்னொன்று எதிர்க்கும் நாட்டில் பன்னிரண்டு ஆண்டு மழை பெய்யாது என்றார் வியாசர். அர்ஜுனன் திரும்பப் பெற்றான். அசுவத்தாமனுக்குத் திரும்பப் பெறும் வல்லமை இல்லை. பாண்டவர் குலத்துப் பெண்களின் கருவை நோக்கித் திருப்பிவிட்டான்.

ஏவுவதற்கு மந்திரம் போதும். மீட்பதற்குத் தவம் வேண்டும் என்பது அந்தக் கதையின் நியாயம். திரும்பப் பெற முடியாத ஆயுதத்தைக் கையில் எடுக்க யாருக்கும் தகுதி இல்லை. டிரைடன்டுக்கும் அதன் உறவுமுறை ஏவுகணைகளுக்கும் அர்ஜுனன் இல்லை, ஏவினால் ஏவியதுதான்.

இந்தக் கதையை 'வியாசர் விருந்து' என்று தமிழில் எழுதிய ராஜாஜிக்கு இது வெறும் புராணமாக இருக்கவில்லை. 1962 செப்டம்பரில், எண்பத்து மூன்று வயதில், அவர் வாஷிங்டனுக்குப் போய் அதிபர் கென்னடியைச் சந்தித்தார். காந்தி அமைதி அறக்கட்டளையின் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கிப் போனார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள், யார் முதலில் என்று பார்க்காதீர்கள் என்பதே அவருடைய வேண்டுகோள். ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அக்டோபர் 27 அன்று கியூபாவுக்கு அருகே சோவியத் நீர்மூழ்கி பி-59 கடலடியில் சிக்கிக்கொண்டது. மேலே அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கை வெடிகளைப் போட்டன. உள்ளே தாங்க முடியாத வெப்பம், மூச்சுவிடக் காற்று இல்லை, மாஸ்கோவோடு தொடர்பும் இல்லை. போர் தொடங்கிவிட்டது என்று நினைத்த கேப்டன் அணுகுண்டு பொருத்திய டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னதாகவும், உடனிருந்த மூத்த அதிகாரி வாசிலி அர்கிபோவ் அவரைத் தணித்ததாகவும் அந்தக் கப்பலில் இருந்த ஒருவர் பின்னாளில் சொன்னார். உலகத்தின் பாதுகாப்பு அன்று எந்தக் கொள்கை அறிக்கையிலும் இல்லை. வியர்த்துக் கொட்டிய ஒரு மனிதரின் நிதானத்தில் இருந்தது.

இப்போது இந்தியா. 2009 ஜூலை 26 அன்று விசாகப்பட்டினத்தில் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங்கின் மனைவி குர்ஷரண் கவுர் தேங்காய் உடைத்து அரிஹந்த் நீர்மூழ்கியை நீரில் இறக்கினார். அதன் அணு உலைக்கு முன்மாதிரி ஓடியது நம் கல்பாக்கத்தில். 2018 நவம்பரில் அது தன் முதல் ரோந்தை முடித்ததாகப் பிரதமர் மோடி அறிவித்தார். 2024 ஆகஸ்டில் இரண்டாவது கப்பலான அரிகாத் சேர்ந்தது. கடலடியில் இருக்கும் கப்பலுக்குச் செய்தி போக மிகத் தாழ்ந்த அலைவரிசை வேண்டும். அந்த நிலையம் நாங்குநேரிக்கு அருகே விஜயநாராயணத்தில், ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற பெயரில், 1990-லிருந்து இயங்குகிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் வயல்வெளிக்கு மேல் வானளாவ நிற்கும் கம்பிக் கோபுரங்களைப் பார்த்திருப்பார்கள். கடைசி உத்தரவு என்று ஒன்று வந்தால், அது போகும் வழிகளில் ஒன்று திருநெல்வேலிச் சீமை வழியாக.

இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுக் கொள்கை, அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்கிறது. பிரிட்டனும் அமெரிக்காவும் இன்றுவரை கொடுக்காத வாக்கு இது, பெருமைப்படத்தக்க கட்டுப்பாடு. அதே கொள்கையின் அடுத்த பாதி, தாக்கினால் எதிரிக்குத் தாங்க முடியாத அழிவைத் தரும் பெருந்திரள் பதிலடி கொடுப்போம் என்கிறது. பெருந்திரள் பதிலடி என்றால் நகரங்கள். முதல் பாதியில் அர்ஜுனனும் இரண்டாம் பாதியில் அசுவத்தாமனும் ஒரே கொள்கைக்குள் இருக்கிறார்கள். குறைந்தபட்சம் அந்த இரண்டாம் பாதியையாவது நாம் விவாதிக்க வேண்டும்.

நம் விவாதம் வேறெங்கோ நடக்கிறது. 2020-ல் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், மூன்றாவது விமானந்தாங்கிக் கப்பலைவிட நீர்மூழ்கிகளே முக்கியம் என்று பேசியபோது பத்திரிகைகள் பல மாதம் எழுதின. நல்லது, எழுத வேண்டியதுதான். 2024-ல் தெலங்கானாவின் தாமகுண்டம் காட்டில் இரண்டாவது தாழ் அலைவரிசை நிலையத்துக்கு அடிக்கல் நாட்டியபோது மரங்கள் போய்விடும் என்று மக்கள் போராடினார்கள். அந்தக் கவலை முழுக்க நியாயம். அந்தக் கோபுரம் ஒருநாள் சுமக்கக்கூடிய செய்தியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. மடாதிபதிகளோ ஆயர்களோ உலமாக்களோ ஒன்றாக உட்கார்ந்து இதைப் பற்றி ஓர் அறிக்கை தரவில்லை. அணுகுண்டு மனிதகுலத்தின் மேலான உணர்வுகளையே மரத்துப்போகச் செய்துவிட்டது என்று 1946-லேயே எழுதிய காந்தி பிறந்த நாடு இது.

பிரிட்டனில் 2007-லும் 2016-லும் நாடாளுமன்றம் வாக்களித்தது. முடிவு தவறாக இருக்கலாம். ஆனால் 589 பேர் தங்கள் பெயரை அந்தப் பதிவேட்டில் வைத்தார்கள், ஒரு பிரதமர் ஒரு லட்சம் பேரின் மரணத்துக்குத் தயார் என்று மக்கள் முன்னால் சொல்ல வேண்டிவந்தது. நம் மக்களவையில் பாதுகாப்பு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை பல ஆண்டுகள் விவாதமே இல்லாமல் மற்றவற்றோடு சேர்ந்து நிறைவேறியிருக்கிறது. அரிஹந்தைவிடப் பெரிய அடுத்த வரிசைக் கப்பல்கள் வரப்போகின்றன. அவற்றின் ஆயுள் நம்மில் பலரின் ஆயுளைத் தாண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பு உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கெரவன் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள். உங்கள் கோயில், தேவாலயம், பள்ளிவாசலில் பேசுகிறவரிடமும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.